குறுணல்

"இரண்டு கிழமைக்கு மட்டும்" என்றுதான்
முதலாம் மாடி லோமான்
கயிற்றை என் கையில் தந்தார்,
இடுப்பெலும்பு முறிந்து
அம்புலன்ஸ் கட்டிலில் கிடந்தபடி.
மறுமுனையில்
ஒரு தண்ணீர்க் குடுவை உயரத்தில்
நடுங்கிக்கொண்டு நின்றது இது.
பதினாலு மாதமாகிறது.

பெயர் க்ரூமல்.
இந்த ஊர்ப் பேச்சில் பாண் துகள்,
மேசைவிரிப்பில் தட்டிவிடுவது.
என் நாக்கு முதல் நாளே அதைக்
குறுணல் ஆக்கிவிட்டது.
பொருளும் பெரிதாய்க் கெடவில்லை.
கூப்பிட்டேன், காதைச் சாய்த்து யோசித்து
சரி, போகட்டும் என்று வந்தது.

மிருக வைத்தியர் யில்மாஸ்
படிவத்தில் பேனையை வைத்து
"இனம்?" என்றார்.
அந்தச் சொல்லின் முன்னால்
வேறு மேசைகளிலும் இருந்திருக்கிறேன்;
வாய் சற்று உலர்ந்தது.
அவரோ நாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
காது ஸ்பானியல், கால் டாக்கல்,
வால் யாருடையதென்று கடவுளுக்கே வெளிச்சம்
என்று சிரித்து
கலப்பு என எழுதி அடிக்கோடும் இழுத்தார்,
ஏதோ பரிசு கிடைத்ததுபோல.

நிறை ஆறு கிலோ நானூறு.
இதயத்தில் ஒரு முணுமுணுப்பு.
காலையில் அரைக் குளிசை, மாலையில் அரை.
சீஸில் வைத்தால் சீஸ் போகும், குளிசை நிலத்தில் கிடக்கும்.
ஈரல் சொசேஜிலும் அப்படியே.
இடியப்பச் சிக்கலுக்குள் ஒளித்தால் மட்டும்
தோற்றுப்போகும்.

வெங்காயம் ஆகாதாம். உள்ளியும் ஆகாது.
வெங்காயம் வதக்காமல்
முப்பது வருடமாய் அடுப்பைத் தொட்டதில்லை நான்.
இப்போது முதலில்
ஒரு பிடி சோறு, கோழி நெஞ்சு, உப்பில்லாமல்.
அது தின்று முடித்து
வெறும் கோப்பையைச் சுவர்வரை நக்கித் தள்ளியபின்தான்
என் சட்டி காயும்.

பாண் தொழிற்சாலையில் இரவு வேலை.
காலை ஆறரைக்கு
மாப்படிந்த என் சப்பாத்தை
ஓரம் ஓரமாக நக்குகிறது.
துகளுக்குப் பாண் வீடு வந்து சேர்ந்த சந்தோசம்.

எல்லா நாளும் இப்படியில்லை.
கம்பளத்தில் பெய்திருக்கிறது.
மேல்வீட்டு ஆஸ்த்ரிட் கட்டடக் கந்தோருக்கு
இரண்டு கடிதம் போட்டிருக்கிறா.
சம்பளச் சீட்டைக் கடித்துக் குதறிய அன்று
கையை ஓங்கிவிட்டேன்.
ஓடவில்லை. கண்ணை மூடி
தலையைத் தாழ்த்திக் காத்திருந்தது,
மழை விடுமென்று காத்திருப்பதுபோல.
ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தலையைச் சொறிந்துகொண்டேன்.

பனிக்காலத்தில் ஹாகன் தெருவெல்லாம் உப்பு.
நாலு பாதத்துக்கும் வஸ்லின்.
மூன்று காலைத் தரும்,
நாலாவதற்கு உறுமும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்து
வோல்மே ஆற்றங்கரை முதியோர் இல்லம் போவோம்.
லோமான் என்னைக் க்ரூமல் என்று அழைப்பார்.
நாயின் தாடையைத் தூக்கி
இரவு வேலை கடினமா,
முதலாளி ஒழுங்காய்ச் சம்பளம் தருகிறானா
என்று விசாரிப்பார்.
நாங்கள் இருவருமே திருத்துவதில்லை.
எலும்பு வடிவப் பிஸ்கட்டை
என் உள்ளங்கையில் வைத்துப் பொத்துவார்.
அவர் பார்த்துக்கொண்டிருப்பதால்
ஓரத்தைக் கொஞ்சம் கடிக்கிறேன்.
அவ்வளவு மோசமில்லை.

திரும்பி வந்தால்
மூன்றாம் மாடிக்கு அதால் ஏறமுடியாது இப்போது.
முதலாம் மாடிவரை வரும்,
அங்கே பழைய கதவின் முன் நிற்கும்.
பெயர்ப்பலகையில் புதிதாக ஒரு போலந்துக் குடும்பம்.
கதவடி இடுக்கில் மூக்கை வைத்து
நெடுநேரம் வாசிக்கும்.
நான் அவசரப்படுத்துவதில்லை.
படிவிளக்கு மூன்று நிமிடத்தில் தானாக அணையும்.
அணைந்தபின் தூக்கிக்கொள்கிறேன்.
ஒரு கையில் அது, மறு கையில் பை;
பொத்தானை அழுத்த
இன்னொரு கை இல்லை.
ஆறு கிலோ நானூறு, முணுமுணுப்பு உட்பட.
இருட்டிலேயே ஏறுகிறோம்.